நூல் கட்டிய செவ்வரத்தை

தியாகலிங்கம் தன் வாழ்நாளில் ஒருநாளும் பூக் களவெடுத்ததில்லை. பிள்ளையாருக்குப் பூ எடுப்பார், அது வேறு. பூ வைத்திருப்பவன் ஒருவன், பூ வேண்டியிருப்பவர் பிள்ளையார், நடுவில் பூக் கொய்கிற கொக்கத்தடியோடு நிற்பவர் தியாகலிங்கம். இதில் களவு எங்கே வருகிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை. யாராவது வாய் திறந்தால், "பிள்ளையாருக்குத்தானே!" என்பார். அதற்குமேல் கேட்க மடத்தடி ஒழுங்கையில் ஒருவருக்கும் துணிவில்லை. அவர் கோயில் பரிபாலன சபையின் தலைவர். எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்துக்கு என்று தீர்மானிக்கிறவர். ஒரு செவ்வரத்தைப் பூவைப் பார்த்துக்கொண்டு திருவிழாவை விட யாருக்கு மனம் வரும்?

விடியற்காலை, நிலம் தெளிவதற்கு முன்னர் புறப்படுவார். ஒரு கையில் கொக்கத்தடி, மற்றக் கையில் பனையோலைப் பெட்டி, வாயில் ரோச் லைற். வாயில் லைற் இருப்பதால் வழியில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கை நாய்கள் அவரைக் கண்டு குரைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. மனிதர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. ஒரு வீட்டுக்காரி முதல்நாள் மாலையே மொட்டுகளுக்குப் பிளாஸ்டிக் சொப்பின் பைகளை மூடிக் கட்டிவிடுவாள். தியாகலிங்கம் பையை மெல்ல அவிழ்த்து, பூவை எடுத்து, பையைத் திரும்பவும் முன்போலக் கட்டிவிட்டு வருவார். அவர் அப்படி ஒரு ஒழுங்கான மனிதர்.

அவருடைய சொந்த வளவில் பூ இல்லை. பூ மட்டுமல்ல, புல்லும் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது. மனைவி அருமைநாயகி கேற்றடியில் தொடங்கிக் கிணற்றடி வரைக்கும் செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி என்று கண்டபாட்டுக்கு நட்டு வைத்திருந்தாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதென்று ஆறு மாதத்துக்குக் கனடாவுக்குப் போனாள். அவள் திரும்பி வந்து முற்றம் கூட்டிக் கஷ்டப்படக்கூடாது என்று தியாகலிங்கம் எல்லாவற்றையும் வெட்டி, வளவு முழுக்க இன்ரலொக் கல் பதித்துவிட்டார். சிவப்பும் சாம்பலுமாக, ஆஸ்பத்திரி வாசல் மாதிரி வந்தது. வீடியோவில் பெருமையாகக் காட்டினார். அருமைநாயகி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ரை செவ்வரத்தை எங்கை?" என்றாள்.

"அதுதான் குப்பை கொட்டிற பூங்கண்டெல்லோ."

அவள் கோபிக்கவில்லை. பிள்ளை அழுகிறதென்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த ஆறு மாதம் இப்போது மூன்றாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தியாகலிங்கம் தனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அதை ஏன் அத்தனை தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.

உண்மையைச் சொன்னால், மனிதருக்குத் தனிமை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற பின்னர் அவருக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. பிள்ளையார் ஒருவர்தான் விடிந்தால் இவருடைய பெட்டியை எதிர்பார்த்திருந்தார். காலைப் பூசையில் ஐயர் முதற்பூவை எடுத்துப் பிள்ளையாரின் முடியில் வைக்கும்போது, 'அது நான் கொண்டுவந்தது' என்று மனதுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்வார். அந்த ஒரு தரத்துக்காகத்தான் அவர் படுக்கையிலிருந்து எழும்பினார்.

கோயிலுக்குப் பக்கத்தில் கோயிலுக்குச் சொந்தமான மடம் ஒன்று உண்டு. அதில்தான் சின்னப் பிள்ளைகளுக்கான உதயகலா ரீச்சரின் நேசறிப் பள்ளி நடந்தது. மடத்தைக் கொடுத்தது பரிபாலன சபை, அதாவது தியாகலிங்கம். சென்ற மாரி தொடங்கின கையோடு உதயகலா ஒரு திட்டம் தொடங்கினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செவ்வரத்தைத் தடி, மடத்து வேலியோரமாக. பிள்ளைகளின் போத்தலில் மிஞ்சுகிற தண்ணீர் கன்றுக்கு. பூத்தால் கன்றிடம் கேட்டுத்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் நன்றி சொல்ல வேண்டும். எல்லாப் பூவையும் பிடுங்கக்கூடாது, வண்டுக்கு விட வேண்டும். நாலு வயதில் மரத்துக்கு நன்றி சொல்லப் பழகின பிள்ளை நாற்பது வயதில் மனிதருக்கும் சொல்லும் என்பது உதயகலாவின் நம்பிக்கை. நாற்பது வயதுக்காரர் யாரையும் அவள் அப்போது உதாரணத்துக்குக் காட்டவில்லை.

திட்டத்தைத் தொடக்கி வைத்தவர் தலைவர். "மரம் எங்களுக்குத் தருகிறது. நாங்கள் மரத்துக்கு என்ன கொடுத்தோம்? சிந்தியுங்கள்!" என்று பேசினார். நீளமாகப் பேசினார். இரண்டு பிள்ளைகள் நித்திரையாகிவிட்டன, ஒரு பிள்ளை இருந்த இடத்திலேயே சலம் போய்விட்டது. மற்றபடி நல்ல பேச்சு.

பேச்சு பேச்சோடு போகவில்லை என்பதுதான் வில்லங்கம். பிள்ளைகள் ரீச்சர் சொன்னதை நம்பிவிட்டார்கள். முச்சக்கரவண்டி ஓடுகிற பிரகாசின் மகள் யதுசிகா இதில் முதலாம் ஆள். அவளிடம் சொல்லாமல் தாய் கறிவேப்பிலை முறிக்க முடியவில்லை. தேங்காய் பிடுங்கின அன்று பிரகாஸ் தென்னையைப் பார்த்துக் கைகூப்ப வேண்டியிருந்தது. கோழிக்கறி வைத்த ஞாயிற்றுக்கிழமை, இதற்கு யாரிடம் கேட்டனீங்கள் என்று யதுசிகா கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கிழமை மரக்கறிதான்.

பங்குனியில் கன்றுகளில் மொட்டு வந்தது. பிள்ளைகள் மொட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் எட்டு மணிக்கு வந்தால் காம்புதான் இருக்கும். பூவை ஒருவரும் காணவில்லை. 'என் பூங்கன்று' என்று படம் கீறச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் பச்சைத் தடியும் வெறும் காம்பும் கீறிக் கொடுத்தன. செவ்வரத்தை என்றால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டன.

யார் எடுக்கிறார் என்று உதயகலாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மடம் அவர் கையில் இருக்க, அவரிடம் நேரே போய்ச் சொல்ல முடியுமா? அவள் நாசூக்காக ஒரு வழி பார்த்தாள். கம்பளி நூல் வாங்கி, ஆளுக்கொரு நிறமாக வெட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் மொட்டின் காம்பில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இது பிள்ளைகளின் பூ என்று எடுக்கிறவருக்கு விளங்கும், விளங்கினால் விட்டுவிடுவார் என்பது கணக்கு.

மறுநாள் விடியற்காலை தியாகலிங்கம் வந்தார். ரோச் வெளிச்சத்தில் நூல் தெரிந்தது. கோயிலடியில், வேலியோரத்தில், பூக்காம்பில் நிறநிறமாக நூல். தியாகலிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது: யாரோ தாய்மார் நேர்த்தி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளையாருக்கென்று நேர்ந்து கட்டின பூ! வழியில் வாடவிடலாமா? வாயிலிருந்த லைற்றை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்பனே பிள்ளையாரே" என்று சொல்லி, ஒன்று விடாமல் எடுத்தார். நூல் அவிழாதபடி பக்குவமாக எடுத்தார். அந்த ஊரில் ஒரு பூ அவ்வளவு பக்தியோடு பிடுங்கப்பட்டதில்லை.

அன்றைக்குச் சதுர்த்தி. உதயகலா பிள்ளைகளை வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிவந்திருந்தாள். மணி அடித்தது, திரை விலகியது, ஐயர் தீபத்தைத் தூக்கினார். பிள்ளையாரின் முடியில் மஞ்சள் நூல், காதில் நீல நூல், தும்பிக்கையின்மேல் றோஸ் நூல். பிள்ளையாரே நேசறிக்குச் சேர்ந்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

"ரீச்சர்! அது என்ரை பூ!" என்றாள் யதுசிகா. கோயில் மண்டபத்துக்குச் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்குகிற குணம் உண்டு.

"மஞ்சள் என்ரை!"

"நீலம் என்ரையெல்லோ!"

"ஸ்ஸ்... சத்தம் போடாமல் பிள்ளையாரைக் கும்பிடுங்கோ" என்றாள் உதயகலா.

"பிள்ளையார் ஏன் ரீச்சர் கேக்காமல் எடுத்தவர்?"

ஐயர் நேர்மையான மனிதர். பிள்ளையாரின்மேல் பழி விழுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தீபத்தை இறக்கிவிட்டு, "பிள்ளையார் எடுக்கேல்லை, அம்மா. தலைவர் ஐயாதான் கொண்டுவந்தவர்" என்றார்.

அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. முன்வரிசையில், மேனியில் திருநீறு பூசி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தியாகலிங்கம் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"தாத்தா, கண்டிட்டைக் கேட்டிட்டோ எடுத்தனீங்கள்?" என்றாள் யதுசிகா. அவள் குற்றம் சாட்டவில்லை. அறிய விரும்பினாள், அவ்வளவுதான்.

"பிள்ளையாருக்குத்தானே, பிள்ளை!"

யதுசிகா அதை யோசித்துப் பார்த்தாள். "உங்கடை வீட்டிலை பூ இல்லையோ?" என்றாள்.

தியாகலிங்கத்துக்கு எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக்கம். இதற்குச் சால்வையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பின் சொப்பின் பைக்காரி இருமினாள். அதன் பிறகு கோயில் முழுக்க இருமல்.

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, இனிமேல் தான் கோயிலுக்குப் பூக் கொண்டுபோவதில்லை. பிள்ளையார் வெறும் தலையோடு இருக்கட்டும். ஊர் வந்து காலைப் பிடிக்கட்டும். இரண்டாவது, மடத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வெள்ளை அடிப்பதென்றால் நேசறி வேறு இடம் பார்க்க வேண்டும். வெள்ளை அடித்து முடிய ஒரு வருடமாகலாம். ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினார். உதயகலாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அவள் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்கே மறந்துபோனது. மடத்தை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை.

ஊர் காலைப் பிடிக்க வரவில்லை. அடுத்த நாளே பிரகாஸ் பூ எடுக்கத் தொடங்கிவிட்டான். அவன் முச்சக்கரவண்டியில் போய் எடுத்தான். தியாகலிங்கம் ஒரு ஒழுங்கையில் எடுத்ததை அவன் மூன்று ஊரில் எடுத்தான். மகளின் கண்ணுக்குப் பயந்து நேசறி வேலியை மட்டும் தொடவில்லை. பிள்ளையார் கழுத்து வரைக்கும் பூவில் இருக்கிறார், இப்படி ஒரு அலங்காரத்தைத் தன் காலத்தில் கண்டதில்லை என்று ஐயர் வந்து சொன்னார். ஐயர் நேர்மையான மனிதர் என்று முன்னரே சொல்லியிருக்கிறேன்.

விடியற்காலையில் தியாகலிங்கத்துக்கு விழிப்பு மட்டும் வழக்கம்போல வந்தது. எழும்பிப் போக இடம் இல்லை. கல் பதித்த முற்றத்தில் கதிரையைப் போட்டு, கொக்கத்தடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அழுகை வருமாப்போல் இருந்தது, வரவில்லை. அவமானம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய வலி, பிள்ளையாருக்கும் தான் தேவையில்லாமல் போய்விட்டோம் என்பது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேற்றடியில் சத்தம் கேட்டது. உதயகலா நின்றாள். பின்னால் நேசறி முழுவதும் நின்றது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று தியாகலிங்கம் நினைத்தார். கேட்கட்டும் என்று சால்வையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீர் பிள்ளையளுக்கு என்ன படிப்பிச்சு வைச்சிருக்கிறீர்?" என்று தொடங்கினார்.

"மன்னிப்புக் கேக்கவெண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான், ஐயா" என்றாள் உதயகலா. "அவை வேறை ஏதோ சொல்லவேணுமாம். வாற வழியிலை தாங்களே கதைச்சு முடிவெடுத்திட்டினம்."

பிள்ளைகள் செருப்புகளைக் கேற்றடியில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தன. சித்திரை வெயில். இன்ரலொக் கல் தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளே வந்த பிள்ளைகள் ஒரு காலில் நின்று, மறு காலில் நின்று, துள்ளத் தொடங்கின. துள்ளிக்கொண்டே கை கூப்பின. துள்ளிக்கொண்டே சேர்ந்து சொல்லின:

"எங்கடை பூவைப் பிள்ளையாரிட்டைக் கொண்டுபோய்க் குடுத்ததுக்கு நன்றி, தாத்தா!"

தியாகலிங்கம் கிண்டலோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கிண்டல் இல்லை. கால் சுடுகிற முகங்கள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில், அவர் சுமந்த இத்தனை பெட்டிப் பூவுக்கு, ஒருவரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. பூவின் சொந்தக்காரர் சொல்லுவார்கள் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை.

"நிழலுக்கு வாங்கோ, கால் சுடும்" என்று மட்டும் சொன்னார்.

நிழலுக்குப் போவதற்கு நிழல் வேண்டும். வளவில் மரம் இல்லை. பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. யதுசிகா மட்டும் ஈரச் சாக்கில் சுற்றின ஒரு செவ்வரத்தைத் தடியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் துள்ளித் துள்ளி எதையோ தேடினாள். றோஸ் நூல் கட்டின தன் கன்றிலிருந்து முறித்த தடி.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"மண், தாத்தா. உங்கடை வீட்டிலை பூ இல்லையெண்டு இதைக் கொண்டந்தனான். மண் எங்கை வைச்சிருக்கிறியள்?"

மற்றப் பிள்ளைகளும் தேடத் தொடங்கின. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தன, வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தன. "இஞ்சை இல்லை!" "இஞ்சையும் இல்லை!" என்று குரல் கேட்டது. ஒரு யாழ்ப்பாணத்து வளவுக்குள் நின்று பிள்ளைகள் மண் தேடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது தியாகலிங்கத்துக்குச் சகிக்கவில்லை. உள்ளே போய் அலவாங்கை எடுத்துவந்தார். கேற்றடியில் ஒரு கல்லைக் கிளப்பினார். பிறகு பக்கத்துக் கல்லை. நாலாவது கல்லுக்குக் கீழே செம்மண்ணும், அதற்குள் உலர்ந்துபோன ஒரு அடிக்கட்டையும் இருந்தன. அருமைநாயகியின் செவ்வரத்தை. இந்த இடத்தில்தான் நின்றது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். கை மறக்கவில்லை போலும், நேரே அங்கேதான் போயிருக்கிறது.

தடியை வைக்கப் போனார். யதுசிகா கையைப் பிடித்துவிட்டாள்.

"கேட்டிட்டு வையுங்கோ."

உதயகலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தியாகலிங்கம் தடியைப் பார்த்தார். செருமினார். "நான் உம்மை இதிலை நடப்போறன். சம்மதந்தானே?" என்று சபைக் கூட்டத்தில் பிரேரணை வாசிக்கிற குரலில் கேட்டார். ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், வெள்ளை அடிக்கிற அலுவல் என்னவாயிற்று என்று செயலாளர் நினைவூட்டினார். "மழை வரப்போகுது. இப்ப அடிச்சால் நில்லாது" என்றார் தலைவர். வெளியே வானத்தில் ஒரு முகில் கிடையாது. ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. மடம் நேசறிக்கே இருந்தது.

பூ எடுக்க அவர் திரும்பப் போகவில்லை. பிரகாசிடமிருந்து அதைப் பறிப்பதற்கு ரோசம் விடவில்லை. ஆனால் எழும்புவதற்கு இப்போது ஒரு காரணம் இருந்தது. விடிய எழும்பித் தடிக்குத் தண்ணீர் விட்டார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அதனோடு ஒன்றிரண்டு கதைத்தார். துளிர் வந்த அன்று வட்ஸ்அப்பில் அருமைநாயகியைக் கூப்பிட்டு, முகத்தைக் காட்டாமல் துளிரைக் காட்டினார்.

"என்னது?" என்றாள்.

"செவ்வரத்தை. உம்முடைய இடத்திலைதான் வைச்சனான்."

அவள் துளிரைக் கிட்டக் காட்டச் சொன்னாள். பிறகு, "அடியிலை தண்ணி தேங்க விடாதையுங்கோ. சாம்பல் போடுங்கோ" என்றாள். மறுநாள் அவளே போன் எடுத்தாள். பூச்சி பிடித்திருக்கிறதா என்று இலையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். சுகமாக இருக்கிறீங்களோ என்பதோடு முடிந்துகொண்டிருந்த பேச்சு, எரு, நிழல், கட்டெறும்பு என்று நீண்டது. இடைக்கிடை பேரப்பிள்ளை வந்து, "அப்பு, பூ?" என்று கேட்டுவிட்டுப் போனது.

மாரி வந்தது, கன்று மதில் உயரத்துக்கு எழும்பியது, மார்கழியில் முதல் மொட்டு விட்டது. தியாகலிங்கம் நேசறிக்குப் போய், ஒரு துண்டு நூல் கிடைக்குமோ என்று கேட்டார். "என்ன நிறம், ஐயா?" என்றாள் உதயகலா. அவர் யோசித்துப் பச்சை என்றார். அந்த நிறம் ஏற்கனவே ஒரு பிள்ளையுடையது என்று உதயகலா சொன்னாள். ஊதாதான் மிஞ்சியிருந்தது. ஊதாவை வாங்கிக்கொண்டு போய்க் காம்பில் முடிச்சுப் போட்டார். முதற்பூவைத் தன் கையால் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டார். இத்தனை வருடம் ஊரார் பூவைக் கொண்டுபோனவர். ஒரு நாளாவது சொந்தப் பூவோடு அந்தப் படியில் ஏற வேண்டும். அருமைநாயகியிடமும், நாளைக்குப் பூக்கும், நானே கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியப் பனிக்குளிரில் கிணற்றில் அள்ளிக் குளித்தார். கரைவேட்டி கட்டினார். பித்தளைத் தட்டை மினுக்கி, அதில் வாழையிலைத் துண்டு போட்டுக்கொண்டு கேற்றடிக்கு வந்தார். கன்றிடம் கேட்பதற்காக வாயைத் திறந்தார்.

மதிலுக்கு வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த கிளையில் காம்பு மட்டும் இருந்தது. பச்சையாக, புதிதாக முறிந்த காம்பு.

தட்டை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே கோயிலுக்கு நடந்தார். மார்கழி விடியற்பூசை, மண்டபம் நிறைய ஆட்கள். ஐயர் தீபத்தைத் தூக்கினார். பிள்ளையாரின் முடியில், மற்ற எல்லாப் பூவுக்கும் மேலே, ஊதா நூல் கட்டின செவ்வரத்தை.

"அது என்ரை பூ!"

மண்டபத்துக்குச் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்குகிற குணம் உண்டென்று சொன்னேன். இது சின்னச் சத்தமும் இல்லை. தலைவரின் குரல் நடுவில் உடைந்தும் போயிருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். வெறும் தட்டோடு, ஈரத் தலையோடு, வாய் கோணி நின்ற மனிதரைக் கண்டு இந்த முறை ஒருவரும் இருமவில்லை.

பிரகாஸ் பதறிப்போனான். "ஐயா, மதிலுக்கு வெளியிலை நிண்டது... நான்... பிள்ளையாருக்குத்தானே, ஐயா!"

அந்தச் சொல் மற்றவன் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று தியாகலிங்கம் அன்றுதான் கேட்டார்.

யதுசிகா தாயின் கையை விட்டுவிட்டு வந்தாள். "அப்பா, கண்டிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள். பிரகாஸ் நிலத்தைப் பார்த்தான். மூன்று ஊர் வேலிகளும் அவனுடைய முகத்தில் தெரிந்தன. யதுசிகா அவனை அப்படியே விட்டுவிட்டுத் தியாகலிங்கத்தின் பக்கம் வந்தாள். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அண்டைக்கு அழுகை வந்தது, தாத்தா" என்றாள். "நீங்கள் அழுதிட்டு நன்றி சொல்லுங்கோ. அப்பா கொண்டுவந்து குடுத்தவரெல்லோ."

தியாகலிங்கம் அழுதார். அதிகமில்லை, சால்வை நுனிக்குள் அடங்குகிற அளவு. பிறகு பிரகாசைப் பார்த்தார். அவருடைய வாயிலிருந்து ஊரில் ஒருவரும் கேட்டிராத சொல். வெளியே வர நேரம் எடுத்தது.

"நன்றி, தம்பி."

பிரகாஸ் பயந்தே போய்விட்டான். தலைவர் கோபித்திருந்தால் அவனுக்குப் பதில் தெரிந்திருக்கும்.

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது தியாகலிங்கம் வாசலில் சொப்பின் பைக்காரிக்காகக் காத்து நின்றார். "பிள்ளை, உம்முடைய செவ்வரத்தை நல்ல பூ. இவ்வளவு காலமும் பிள்ளையாருக்குக் குடுத்ததுக்கு நன்றி" என்றார். "நான் குடுத்தனானோ?" என்றாள் அவள். அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒழுங்கை நெடுக ஒவ்வொரு வேலியிலும் நிற்க வேண்டியிருந்ததால் வீடு வந்துசேர வெயில் ஏறிவிட்டது.

வந்ததும் போன் அடித்தது. அருமைநாயகி.

"பூத்ததோ? பிள்ளையாருக்குக் குடுத்தாச்சோ?"

"ஓம். முடியிலை வைச்சவர் ஐயர். எல்லாத்துக்கும் மேலை."

"நீங்களே கொண்டுபோனனீங்கள்?"

"இல்லை" என்றார் தியாகலிங்கம். "ஆள் விட்டு அனுப்பினனான்."

அவள் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. சிரித்து முடித்து, "இஞ்சை பேரன் இனி நேசறிக்குப் போகத் தொடங்கிவிடுவான். பங்குனியிலை வரலாம் போலை கிடக்கு" என்றாள். "நந்தியாவட்டை நிண்ட இடம் ஞாபகம் இருக்கோ?"

"கிணற்றடியிலை. வடக்குப் பக்கம்."

"நித்தியகல்யாணி?"

"படிக்குப் பக்கத்திலை, இடக்கைப் பக்கம்."

"ம்" என்றாள் அவள்.

தியாகலிங்கம் போனை வைத்தார். கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கை எடுத்தார்.